நூல் கோத்துக் கொடுத்த பிள்ளை

பள்ளிக்கூடம் கிளம்பும் முன் எனக்கு ஒரு வேலை இருந்தது. பன்னிரண்டு ஊசிகளில் நூல் கோத்து, முடிச்சிட்டு, ஒரு பழைய தலையணையில் வரிசையாகக் குத்தி வைக்க வேண்டும். ஆச்சிக்கு இரண்டு கண்ணிலும் புரை. துணியில் ஊசி ஏறி இறங்குவதை விரல் நுனியாலேயே அறிந்துகொள்வாள். ஊசியின் காதுதான் அவளுக்குப் பிடிபடாது. நான் வைத்துவிட்டுப் போகும் பன்னிரண்டு ஊசிதான் அவளுடைய ஒரு நாள். சாயங்காலம் திரும்பி வரும்போது சில நாள் பன்னிரண்டும் தீர்ந்திருக்கும். தைக்க ஒன்றும் இல்லாமல், மடியில் துணியை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கெல்லாம் தோள் பையைக்கூட இறக்காமல் இன்னும் நாலு ஊசி கோத்துக் கொடுத்துவிட்டுத்தான் காபி குடிப்பேன்.

1987இல் மதுரைக்குக் கல்லூரி விடுதிக்குப் போனேன். அப்போது அவள் மடியில் இருந்த துணி அதற்குப் பிறகு முடியவில்லை. வயதாகிவிட்டது, கை ஓய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். 1994இல் ஆச்சி போய்ச் சேர்ந்தாள். துணியை நான் மறந்தே போனேன்.

பழைய நூல் சேலைகளை நாலு மடிப்பாக அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டு எடுக்கும் விரிப்பு அது. பிள்ளை பிறந்தால் பாய்மேல் அதைப் போட்டுத்தான் கிடத்துவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் போர்த்திக்கொள்ளலாம். படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவர்களுக்கு முதுகு புண்ணாகாமல் கீழே விரிக்கலாம். எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு பெயர்கூட இல்லை. ‘ஆச்சி துணி தைக்கா’ என்போம், அவ்வளவுதான். இதே வேலைக்கு வங்காளத்தில் காந்தா என்று பெயர். பீகாரில் சுஜனி, மராட்டியத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கௌதி. பெயர் இருந்ததால் அவையெல்லாம் புத்தகத்தில் ஏறின, அருங்காட்சியகத்துக்குப் போயின, இன்று கடையில் நல்ல விலைக்கும் விற்கின்றன. எங்கள் ஆச்சிகள் தைத்தது கடைசியில் கரித்துணியாகிக் காணாமல் போயிற்று. எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

நாலு வருஷத்துக்கு முன் அம்பாசமுத்திரத்து வீட்டைக் காலி செய்தோம். பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியின் அடியில் அந்தத் துணி சுருட்டிக் கிடந்தது. கூடத்தில் விரித்தேன். நாலு ஓரத்திலிருந்தும் சுற்றிச் சுற்றி உள்ளே வந்த தையல், நடுவில் இரண்டு சாண் நீளமும் ஒரு சாண் அகலமும் பாக்கி விட்டு நின்றிருந்தது. கடைசித் தையலில் ஊசி குத்தியபடியே இருந்தது. அதில் நாலு விரற்கடை நூல் மிச்சம். ஊசி துருவேறி, அந்தத் துரு நாலு மடிப்பிலும் இறங்கி, எட்டணா அகலத்துக்குப் பழுப்பு வட்டமாகப் பரவியிருந்தது. சுருட்டலுக்குள் கைக்குட்டை அளவில் நாலு துண்டுத் துணியும் இருந்தன. மிச்சம் விழுந்த வெட்டுத் துணி என்று நினைத்து அவற்றைத் தனியாக ஒரு பையில் போட்டேன்.

பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்ததோடு சரி. மூன்று வருஷம் அங்கேயே இருந்தது. போன வருஷம் மகள் உண்டாகியிருக்கிறாள் என்று போன் வந்த அன்றைக்குத்தான் மறுபடி வெளியே எடுத்தேன்.

முதலில் தெரு முனையில் இருக்கும் தையல்காரரிடம் கொண்டுபோனேன். நல்ல மனுஷர். “நடுவுல மெஷின்ல ஓட்டி, சுத்தி ஓவர்லாக் அடிச்சிரலாம்க்கா, அரைமணி நேர வேலை” என்றார். மெஷின் தையல் நெருங்கி விழும், இழுத்துப் பிடிக்கும். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய, துவைத்து நைந்த சேலையில் அப்படி வரிசையாக ஓட்டை விழுந்தால், தபால் தலையைக் கிழிக்கிற மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். கைத்தையல் தளர்ந்து கொடுக்கும். நூலும் அப்படித்தான். இன்றைய பாலியஸ்டர் நூல் எளிதில் அறாது; இழுபடும்போது துணிதான் அறும். பழைய பருத்திக்குப் பருத்தி நூலே வேண்டும். இதையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்காமல் துணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்து நான் செய்ததுதான் தப்பு. நடுவில் தைக்காமல் விட்ட இடத்தில் மேல் சேலை புடைத்துக்கொண்டு நின்றது. ஓரத்திலிருந்து தைத்து வரும்போது துணியின் தளர்ச்சியெல்லாம் நடுவில் வந்து சேரும். அதனால் இன்று இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போகச் சொல்கிறார்கள். ஆச்சி தலைகீழாகச் செய்துவிட்டாள், கண் தெரியாததால் வந்த பிசகு என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, கடைசி ஏழெட்டு வரிசையை அவிழ்த்துச் சரிசெய்ய உட்கார்ந்தேன். மூன்றாவது வரிசையில் நூல் சிக்கியது. இழுத்தேன். ஒரு சாண் நீளத்துக்குச் சேலை கிழிந்து வந்தது. கத்தரிப்பூ நிறத்தில் மெல்லிய கறுப்புக் கரை போட்ட சேலை. கிழிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. துணியை மடித்து வைத்துவிட்டேன். பதினைந்து நாள் அந்தப் பீரோப் பக்கமே போகவில்லை.

பதில் வந்தது நான் நினைக்காத இடத்திலிருந்து. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரங்களில் சித்திகள் என்ற மக்கள் இருக்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். ஆச்சி செய்தது போலவே. அப்படியானால் நடுவில் அவர்களுக்கு ஏன் புடைக்கவில்லை? அவர்கள் மேல்துணியை முழுசாக விரித்து வைப்பதில்லை. துண்டுகளை ஒவ்வொன்றாக ஓரம் மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே உள்ளே வருகிறார்கள். தளர்ச்சி அந்தந்தத் துண்டின் மடிப்பிலேயே அடங்கிவிடுகிறது.

அதைத் தெரிந்துகொண்ட ராத்திரி பீரோவைத் திறந்து, ‘வெட்டுத் துணி’ என்று ஒதுக்கி வைத்த பையை எடுத்தேன். நாலு துண்டிலும் நாலு ஓரமும் நகத்தால் அழுத்தி மடிக்கப்பட்டிருந்தன. முப்பத்தெட்டு வருஷம் ஆகியும் மடிப்புக் கலையவில்லை. நடுவில் பாக்கியிருந்த இடத்தின்மேல் மூன்றை வைத்துப் பார்த்தேன். புடைப்பை உள்ளே தள்ளி ஒரு மடிப்பாக மடக்கி, அதன்மேல் துண்டுகளை வைத்தால் கச்சிதமாக மூடிக்கொண்டது. அவள் பிசகவில்லை. எப்படி முடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே வெட்டி, மடித்து, உள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவிழ்க்கப் போனது நான்தான்.

நாலாவது துண்டைத் துருக்கறைமேல் வைத்தேன். எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்தால் துரு போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் துரு தின்ற துணி ஏற்கெனவே இற்றுப்போயிருக்கும். புளிப்பு பட்டால் இன்னும் இறும். கறை இருந்த வட்டத்தை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுப் போட்டேன். நான் கிழித்த இடத்துக்கு மட்டும் ஆச்சி ஒன்றும் வெட்டி வைத்திருக்கவில்லை. அதற்கு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையிலிருந்து ஒரு துண்டு எடுத்தேன்.

சுங்குடி என்றால் சாயம் இறங்குமே என்ற பயம் வேறு. ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஐந்து நிமிஷம் அழுத்தி வைத்துப் பார்த்தேன். அரக்கு நிறம் மட்டும் லேசாக இறங்கியது. அந்தத் துண்டைத் தனியாக உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிறம் நிற்கும்வரை அலசி, பிறகுதான் தைக்க எடுத்தேன். முழுத் துணியையும் அகலமான பாத்திரத்தில் போட்டு, கசக்காமல் பிழியாமல் தண்ணீரை மட்டும் மாற்றி மாற்றி அலசினேன். நாலு மடிப்பு நனைந்தால் கனம் தூக்க முடியாது. கொடியில் போட்டால் அந்தக் கனத்திலேயே பழைய தையல் அறுந்துவிடும். மொட்டைமாடி நிழலில் பாயை விரித்து அதன்மேல் கிடத்தி உலர்த்தினேன்.

என் மதினிக்கு ஒரு ஆசை. தன் கல்யாணப் பட்டிலிருந்து ஒரு சாண் தருகிறேன், நடுவில் வைத்துத் தை என்றாள். பிரியத்தோடு சொன்னதை மறுப்பது கஷ்டம். ஆனாலும் மறுத்தேன். சரிகை பிள்ளையின் முதுகைக் கீறும் என்பது ஒன்று. பட்டும் பருத்தியும் ஒன்றுபோல் மூப்பதில்லை என்பது இன்னொன்று. 1880களில் அமெரிக்காவில் பட்டு, வெல்வெட் துண்டுகளைக் கோணல்மாணலாக இணைத்துப் போர்வை தைக்கும் மோகம் பரவியது. அந்தக் காலத்துப் பட்டுக்கு எடை கூட்ட உலோக உப்பு ஏற்றுவார்கள். மற்ற துணியெல்லாம் உறுதியாக இருக்க, அந்தப் பட்டுத் துண்டுகள் மட்டும் இன்று தொட்டால் பொடிந்து உதிர்கின்றன. மதினியின் பட்டு அப்படியே முழுசாக இருக்கட்டும், அவள் பேத்தி கட்டட்டும் என்றேன். அவளுக்கும் சமாதானமாயிற்று.

தைக்க உட்கார்ந்த பிறகு இன்னொரு சங்கடம். ஆச்சியின் தையல் அரிசி நீளம். இடைவெளியும் அரிசி நீளம். என்னுடையது நெல் நீளத்துக்குக் குறைந்து வரவே மாட்டேன் என்றது. ஒரு வாரம் மெனக்கெட்டுப் பழைய துணியில் பழகிப் பார்த்தும் பயனில்லை. பிறகு விட்டுவிட்டேன். அவள் கை எங்கே நின்றது, என் கை எங்கே தொடங்கியது என்று பார்த்தவுடனே தெரிகிறது. தெரியட்டும். யாரோ பாதியில் விட்ட வேலையை முடிக்கிறவர்கள் இதற்காகத் தயங்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒன்றுபோல் வர வேண்டும் என்று அவள் தையலை அவிழ்த்துத் திரும்பப் போட்டிருந்தால், அது நான் தைத்த துணியாகிவிடும்; ஆச்சி தைத்தது உலகத்திலேயே இல்லாமல் போயிருக்கும்.

இது நான் தைத்த முதல் துணி இல்லை. அப்பா காலமான வருஷம் அவருடைய எட்டு முழ வேட்டிகளை என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு வந்தது. கொடுத்துவிடலாம் என்றார்கள். எனக்கு ஓர் ஊர் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் அலபாமா ஆறு வளைந்து ஓடும் ஓரிடத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. பருத்திப் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததி வாழும் ஊர். பண்ணைக்காரரின் குடும்பப் பெயரான பெட்வே என்பதே இன்றும் அங்கே பலருக்குப் பெயராக இருக்கிறது. அந்த ஊர்ப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2006இல் பத்து அஞ்சல் தலைகளாகவும் வந்தன. அங்கே மிசௌரி பெட்வே என்பவர், கணவர் இறந்த பிறகு, 1942இல், அவர் வயலுக்கு உடுத்திப்போன துணிகளையே கிழித்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதற்குள் படுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. பக்கத்தில் இருந்து உதவிய மகள் ஆர்லோன்சியா பின்னாளில் அதைச் சொல்லியிருக்கிறார். வேலைத் துணியில் தைத்த அந்த ஊர்ப் போர்வைகள் சிலவற்றின் படத்தைப் பார்த்தால், பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெயில் படாமல் கருநீலமாகச் சதுரம் சதுரமாக நிற்கும். மற்ற இடமெல்லாம் வெளுத்திருக்கும்.

அந்தச் சதுரங்களைப் பார்த்தபிறகு அப்பாவின் வேட்டியை யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. அவர் கடைசிவரை சைக்கிளில் போனவர். வேட்டிகளின் வலது ஓரத்தில் செயின் மசி துவைத்துத் துவைத்துச் சாம்பல் நிறமாகத் தங்கியிருக்கும். அவற்றிலேயே ஒரு போர்வை தைத்தேன். வெட்டும்போது அந்த இடங்களை ஒதுக்காமல் நடுவுக்கு வரும்படி வைத்தேன். அம்மா அதை விரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மசி இருந்த இடத்தை ஒரு தரம் தடவினாள். அன்றிலிருந்து அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறாள். துவைக்கக் கொடுக்கச் சொன்னால் மட்டும் சண்டை.

ஆச்சியின் துணிக்குத் திரும்புகிறேன். முடிக்கும் முன்னால் அத்தையிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அத்தைக்கு எண்பத்து நாலு. பார்வை மங்கல்தான், ஆனால் சேலை விஷயத்தில் விரலே போதும். மடியில் போட்டுக்கொண்டு ஓரத்திலிருந்து தடவிக்கொண்டே வந்தாள். “ஏட்டி, இது ஆடித் தவசுக்கு எடுத்த சேலைல்லா. இது ஒங்கம்மை மாசமா இருக்கும்போது கட்டுனது, நீ வயித்துல இருக்கே.” ஆச்சி வெட்டி வைத்த துண்டுகளில் ஒன்று தாத்தாவின் துண்டு, ஒன்று அத்தையின் பாவாடை, ஒன்று சங்கரன்கோவிலில் வாங்கிய சேலை. நாலாவதை அவளாலும் சொல்ல முடியவில்லை. நான் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

அப்போதுதான் கேட்டேன், ஆச்சி ஏன் பாதியில் விட்டாள் என்று.

“நூல் கோக்க ஆளில்லாமத்தான். நீ போனப்புறம் எதுத்த வீட்டுப் பையனக் கூப்பிட்டு நாலு நாள் கோக்கச் சொன்னா. அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். நீ லீவுக்கு வரும்போதெல்லாம் அதை எடுத்துத் திண்ணையில வச்சிருப்பா. நீ கேக்கவே இல்லியே.”

எனக்கு அந்தத் திண்ணை ஞாபகம் இருக்கிறது. லீவுக்கு வந்து இறங்கியதும் அதில்தான் பையை வைப்பேன். துணி இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

துணியை முடிக்க உட்கார்ந்தபோது ஒரு காந்தா நினைவுக்கு வந்தது. கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் குருசதய் தத் சேகரித்த நாட்டுப்புறக் கலைப்பொருட்களின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே உள்ள காந்தாக்களில் புகழ்பெற்ற ஒன்றைத் தைத்தவர் மானதாசுந்தரி தாசி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தன் தகப்பனாருக்காகத் தைத்தது. தன் கையால் செய்தது, இன்னாருக்காகச் செய்தது என்று நூலாலேயே எழுதிவைத்திருக்கிறார். ஆயிரக்கணக்கான பெண்கள் தைத்தார்கள். பெரும்பாலும் யார் தைத்தது என்று தெரியாது. அவர் எழுதியதால் இன்று நானும் அவர் பெயரைச் சொல்கிறேன். நம் வீடுகளில் எவர்சில்வர் தூக்குவாளியில் பெயர் வெட்டுகிறோம். மூன்று வருஷம் உட்கார்ந்து தைத்த துணியில் ஒரு எழுத்தும் இல்லை.

ஆகவே கீழ் ஓரத்தில் சங்கிலித் தையலில் ஆச்சியின் பெயரை எழுதி 1987 என்று போட்டேன். அதற்குக் கீழே என் பெயரும் 2025உம். சித்திப் பெண்கள் கவந்தியின் நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியை வைத்துத் தைப்பார்கள். பூலா, அதாவது பூ, என்று பெயர். அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக நிற்கும் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அது அவர்கள் வீட்டு வழக்கம், நான் எடுத்து வைக்கவில்லை. ஆச்சி விட்ட நாலு விரற்கடை நூலை மட்டும் எறியாமல், என் முதல் நூலின் தலையோடு சேர்த்து முடிச்சிட்டு உள்ளே இழுத்துவிட்டேன்.

மாசியில் பேரன் பிறந்தான். பச்சைப் பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்தக்கூடாது, துவைத்து மெத்தென்றான பழந்துணிதான் ஆகும் என்பார்கள். பத்தமடைப் பாயின்மேல் அதை விரித்துக் கிடத்தினோம். மகள் முதலில் தயங்கினாள். “இவ்வளவு பாடுபட்டுத் தைச்சிருக்கீங்க, ஈரம் பண்ணிருவாம்மா, பத்திரமா எடுத்து வைப்போம்” என்றாள். பீரோவில் வைத்தால் மடிப்புக் கோட்டில் இற்றுப்போகும். பிள்ளை படுத்தால் துவைத்துத் துவைத்துத் தேயும். எப்படியும் ஒருநாள் போகப்போகிற துணி. பிள்ளையின் முதுகுக்குக் கீழே போகட்டும் என்றேன். இப்போது தினமும் நனைகிறது, தினமும் அலசி உலர்த்துகிறோம். அரக்கு இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியடியிலோ இப்படி ஒன்று சுருட்டிக் கிடக்கலாம். தைத்து முடிப்பது பிறகு இருக்கட்டும். இன்றைக்கே இறக்கி விரித்துப் பாருங்கள். ஊசி குத்தியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். துரு துணியைத் தின்றுகொண்டிருக்கும். எது யாருடைய சேலை என்று சொல்லத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.